நாலு கிலோ வஞ்சிரமும் ஒரு ஃப்ளூயிட் ஹெட்டும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வீட்டுக்கு வந்தவர்கள் பத்து நிமிடத்துக்குள் அதைப் பார்க்கவில்லை என்றால், நான் எழுந்து போய் அதன் மேல் இல்லாத தூசியைத் துடைப்பேன். அம்மா மீன் விற்கிறார். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார். இருவருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இந்தப் பெருமையில் ஒரு தொந்தரவும் இருக்கிறது. படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. மாத்திரை அட்டை, மின்சார வாரியத்தின் குறுஞ்செய்தி, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினில் எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் என்னிடம் வரும். தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்ல மனமில்லை என்று நினைத்துக் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அந்த வார்த்தையைச் சொல்லும் பழக்கமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. வாஷிங் மெஷினையே ஒருமுறை முழு அதிகாரத்தோடு அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஓடியது. அதிலிருந்து என் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

விஸ்காம் படித்துவிட்டு இரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தேன். முகூர்த்த நேரத்தில் பத்து முதுகுகளுக்கு நடுவே ஒரு தாலியைத் தேடிப் பிடிக்கிற வேலை அது. எனக்கு வேண்டியது பறவை. அடையாற்று முகத்துவாரம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்ன வயதிலிருந்து அங்கே செம்பருந்துகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவற்றின் பெயரை மட்டும் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அடையாறு பகுதியில் ஒரு டைரக்டர் மேடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார், அவருக்கு இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். யாரிடமோ கடன் வாங்கிய நீள லென்ஸில் எடுத்த கிளிப் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய எடிட்டிங் அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் கிளிப்பை முழுவதும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பறவை ரொம்ப நல்லா பறக்குது. பூமிக்குத்தான் விக்கல் எடுக்குது."

உண்மைதான். நீள லென்ஸ் தூரத்தில் இருக்கும் பறவையைப் பெரிதாக்கும்போது நம் கையின் தவறையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிவிடும். விரல் ஒரு நூல் நகர்ந்தால் திரையில் அது நிலநடுக்கம். என்னிடம் இருந்தது கல்லூரிக் காலத்து முக்காலி. அதன் தலைப்பகுதி போட்டோ எடுப்பதற்காகச் செய்யப்பட்டது, பறக்கிறதைத் தொடர்வதற்காக அல்ல.

"ஃப்ளூயிட் ஹெட் இல்லையா?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் மேடம்" என்றேன். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அவரும் கேட்கவில்லை.

"லென்ஸ் நான் தர்றேன், ஒரே ஒரு காலைக்கு. என் வேலை நடுவுல அதுக்கு மேல முடியாது. ஆனா ஹெட் உங்களோடதா இருக்கணும். அடுத்தவங்க ஹெட்ல உங்க கை பழகாது. பத்து நாள்ல ஒரே ஷாட் கொண்டு வாங்க. ஒரு பறவை, இருபது செகண்ட், ஆரம்பிக்கறதும் தெரியக்கூடாது, முடியறதும் தெரியக்கூடாது. சரியா வந்தா பேசலாம். வரலைன்னா நீங்க கல்யாணத்துக்கே போங்க, தப்பில்ல."

கடைசிச் சொல்தான் எனக்குச் சுட்டது.

ஃப்ளூயிட் ஹெட் என்பது முக்காலியின் உச்சியில் கேமரா உட்காரும் பாகம். அதற்குள் கெட்டியான மசகு இருக்கிறது. திருப்பும்போது அது நம் கையை மெதுவாக எதிர்த்துக்கொண்டே வரும். அதனால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. கேமராவைக் கீழே சாய்த்துக் கையை எடுத்தால், கேமரா மூக்குக் குப்புற விழாமல் அந்த ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். குறிப்பு எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மேடத்தின் லென்ஸும் என் கேமராவும் சேர்ந்து நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு கிலோவுக்கு ஆறு கிலோ தாங்கும் ஹெட் போதும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். நான் என் படிப்பைப் பயன்படுத்தி யோசித்தேன். ஆறு கிலோ தாங்குவது நல்லது என்றால் பன்னிரண்டு கிலோ தாங்குவது இரண்டு மடங்கு நல்லது.

கணக்கில் தப்பே இல்லை. முடிவுதான் தப்பு என்று தெரிய ஒரு வஞ்சிரம் தேவைப்பட்டது.

தி.நகரில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், சினிமாக்காரர்களின் பழைய சாமான்களைப் பழுது பார்த்து விற்கும் ஒரு பாயின் கடை இருந்தது. முக்காலிகளும் ஹெட்டுகளும் மட்டும். கேமரா கிடையாது, லென்ஸ் கிடையாது. கூரையிலிருந்து கால்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு ஹெட்டின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

நான் போய் நின்று, பேலோட், டிராக், கவுன்டர்பேலன்ஸ் என்று படித்து வைத்திருந்த மூன்று சொற்களை மூச்சு விடாமல் சொன்னேன். கடைகளில் நான் எங்கள் வீட்டுத் தமிழ் பேசுவதில்லை. அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன்.

"அரே, காலேஜா?" என்றார் பாய்.

"முடிச்சாச்சு."

அவர் இரண்டு ஹெட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பெரியது. கறுப்பாக, மினுமினுவென்று, பன்னிரண்டு கிலோ தாங்கும் என்று பக்கவாட்டில் அச்சிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இன்னொன்று சின்னது. பெயின்ட் உரிந்து, கைப்பிடியில் டேப் சுற்றி, யாரோ ஒருவர் தன் இனிஷியலை ஆணியால் கீறி வைத்திருந்தார். விலையில் இரண்டும் அண்ணன் தம்பி. நான் சின்னதைத் தொடவே இல்லை.

"பெரியதை எடுத்துக்கறேன்" என்றேன்.

"எடுத்துக்க. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்? லென்ஸு எங்க?"

"ஷூட்டிங் அன்னைக்குத்தான் கையில கிடைக்கும்."

பாய் பெரிய ஹெட்டைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். "வெயிட்ட மாட்டிப் பாக்காம இந்தக் கடையில ஹெட்டு வெளிய போவாது. வாங்கினு போய்ட்டு, மறுநாள் வந்து ஏங்கிட்ட சண்ட போடறானுங்க. லென்ஸு இல்லன்னா அதே வெயிட்டுல இன்னாவாச்சும் கொண்டா. அதே நீளம் இருக்கணும். முன்னாடி கனமா இருக்கணும். மாட்டு, ஆட்டு, பாரு, எடுத்துக்கினு போ."

அதற்கு மேல் அவரிடம் பேச்சு எடுபடவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது நாலு கிலோ எடையில் முன்பக்கம் கனமான பொருள் எது எது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அரிசி மூட்டைக்கு நீளம் இல்லை. தண்ணீர் பாட்டில்களை வரிசையாகக் கட்டினேன். தண்ணீர் முன்னும் பின்னும் ஓடியதால் கனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அம்மியின் குழவியைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மறுநாள் காலை அம்மாவின் மீன் பலகைக்கு எதிரே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விடை வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பதைப் பார்த்தேன்.

"இன்னாடி, காலங்காத்தால மீன மொறச்சிக்கினு குந்திகீற?" என்றார் அம்மா.

"ம்மா, ஒரு மீனு வோணும். நாலு கிலோ."

"நாலு கிலோவா? யாருக்குக் கல்யாணம்?"

"துன்றதுக்கு இல்லம்மா. ஹெட்டு மேல வெச்சிப் பாக்கறதுக்கு. லென்சு வெயிட்டுக்கு பதிலா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துப் பலகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த அத்தையிடம் திரும்பினார். "மீன எட போடுவாங்க. மீன வெச்சி வேற ஒண்ண எட போட எவளயாச்சும் பாத்துகீறியா?"

"படிச்ச பொண்ணு. எதுனா காரணம் இருக்கும்" என்றார் அத்தை.

அந்த ஒரு சொல் போதும். அம்மாவின் முகம் உடனே வியாபார முகமாக மாறியது.

"ஒன் லென்சு குண்டா, நீட்டா?"

"நீட்டு."

"தலப்பக்கம் கனமா, வால்பக்கமா?"

"தலப்பக்கம்."

"அப்ப பாறை மீனு வோணாம். வஞ்சிரந்தான்." ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்து கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "போணி ஆவல இன்னும். மொத யாவாரம் ஆவட்டும், அப்பால எட்துக்க."

அன்றைக்குப் பார்த்து முதல் ஆளாக வந்தவர், ஒவ்வொரு சங்கரா மீனின் செவுளையும் திறந்து பார்த்துவிட்டு அரைக் கிலோ நெத்திலி கேட்டவர். அவர் போகும்வரை நான் காத்திருந்தேன். தராசில் வஞ்சிரம் நாலு கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவாக நின்றது. அப்படியே என் கேமராவும் மேடத்தின் லென்ஸும்.

"இன்னொண்ணு கேட்டுக்க" என்றார் அம்மா. "பலகைய வுட்டு எறங்கின மீனு திரும்பி பலகைக்கு வரக்கூடாது. நல்லால்ல. அங்கயே ஒரு வழி பண்ணிட்டு வா."

உப்புத் தூவிய ஐஸுக்குள் ஒரு நாள் முழுக்கப் புதைத்து வைத்ததில் மீன் கட்டை போல விறைத்துவிட்டது. அப்பா ஒரு பலகைத் துண்டில் ஓட்டை போட்டு, ஹெட்டில் மாட்டுகிற திருகுக்கு ஏற்ற நட்டு ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். மீனை அதன்மேல் வைத்து வலை பின்னுகிற நைலான் கயிற்றால் கட்டினார். "கட்டு அவுறாது. மீனு அவுந்தாதான் உண்டு" என்றார். நான் அதைப் பால் கவர் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புத் துணி சுற்றி, கேமரா பைக்குள் வைத்தேன். தலை முன்பக்கம், வால் பின்பக்கம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் லென்ஸைவிட ஒரு சாண் நீளம் கூடுதல். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் மிக உயர்ந்த சாமான் என்று தோன்றும்.

பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு முறை தன் கூடையை முகர்ந்து பார்த்தாள். மந்தைவெளி தாண்டியதும் எழுந்து போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் பாயோடு இன்னொருவரும் இருந்தார். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமா. வெள்ளை வேட்டி, கையில் மடக்கின குடை. நான் பையிலிருந்து மூட்டையை எடுத்து மேஜைமேல் வைத்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கிட்டே வந்தார்.

"ஏம்மா, இது லென்ஸா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். "ஆமா மாமா."

"எங்காத்து மாடில ஒரு மரம். அதுல குக்குறுவான் பட்சி வரது. பேரன் கேமரா வாங்கிக் குடுத்துட்டான், ஆடிண்டே இருக்கு. ஸ்டாண்டு பாக்கலாம்னுண்டு வந்தேன்." மூட்டையைத் தடவிப் பார்த்தார். "என்னமா கனக்கறது! ஜெர்மனா?"

"ஜப்பான்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அதான் பாத்தேன். ஜில்லுனு இருக்கே?"

"ஃபங்கஸ் வராம இருக்க, குளிர்ச்சியில வெச்சிருந்தோம்."

"அப்படியா! இதெல்லாம் பேரன் சொல்லவே இல்ல" என்று மாமா மூட்டையை இன்னொரு முறை வாஞ்சையாகத் தட்டிக்கொடுத்தார்.

பாய் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மின்விசிறியை இரண்டு புள்ளி கூட்டினார். பிறகு பெரிய ஹெட்டை ஒரு கனமான முக்காலியில் ஏற்றி எனக்கு முன்னால் நிறுத்தினார்.

நான் பலகையை மாட்டினேன். முன்னும் பின்னும் நகர்த்தி, நடுப்புள்ளி கண்டுபிடித்து இறுக்கினேன். எல்லாம் நான் படித்தபடியே. கைப்பிடியைப் பிடித்து மூட்டையின் தலையைக் கீழே சாய்த்தேன். வெகு அழகாகச் சாய்ந்தது. நான் பெருமையோடு கையை எடுத்தேன்.

மீன் எழுந்தது.

மெதுவாக, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கி, நேராக வந்து, அதையும் தாண்டி, கூரையைப் பார்த்து நின்றது. மறுபடி சாய்த்தேன். மறுபடி எழுந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் பன்னிரண்டு கிலோவைத் தூக்கி நிறுத்துவதற்காகச் செய்த ஸ்பிரிங். நாலு கிலோவை அது காற்றில் எறியத்தான் பார்த்தது.

"ஸ்பிரிங்கைக் குறைக்க முடியாதா?" என்றேன்.

"இதுல முடியாது. கம்பெனியில வெச்சது வெச்சதுதான்."

"கேலிப்ரேஷன் சரியில்லையோ?"

"கேலிப்ரேஷன் எல்லாம் சரியாதான் கீது. ஒன் லென்ஸுதான் லேசு" என்றார் பாய்.

நான் விடவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் பலமாகவே சாய்த்து, திடீரென்று கையை எடுத்தேன். மூட்டை வேகமாக எழுந்தது. அந்த வேகத்தில் கறுப்புத் துணி பின்னால் வழுக்கிவிட்டது, பிளாஸ்டிக்கும் கூடவே போய்விட்டது. மாமாவின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஜப்பான் லென்ஸ் அவரைப் பார்த்தது.

"சிவசிவா" என்றார் மாமா. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவை வேறு யாருடையவையோ என்பதுபோலப் பார்த்தார். "நான் இத... தடவிக் குடுத்தேனே!"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பின்பக்கக் குழாயைக் காட்டினார். மாமா போய் நெடுநேரம் கை கழுவினார். நான் மன்னிப்புக் கேட்டேன். வேறு எந்தக் குரலும் வராமல் எங்கள் வீட்டுக் குரலில் கேட்டேன். "மன்ச்சுக்கோங்க மாமா. லென்ஸு கெடைக்கல. வூட்ல இதான் அந்த வெயிட்டுக்கு இருந்திச்சு."

மாமா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வெளியே போகாமல் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றார். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை போல.

பாய் சின்ன ஹெட்டை ஏற்றினார். நான் பலகையை மாற்றி மாட்டினேன். இப்போது மூடிமறைக்க எதுவும் இல்லாததால் வேலை சீக்கிரம் நடந்தது. சாய்த்தேன். கையை எடுத்தேன். மீன் சாய்ந்த இடத்திலேயே நின்றது. தரையைப் பார்த்தது. மேலே தூக்கினேன், தூக்கின இடத்தில் நின்றது. கைப்பிடியைப் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்பினேன். வஞ்சிரத்தின் மூக்கு சுவர்க் கடிகாரத்திலிருந்து கிளம்பி, அலமாரியைத் தாண்டி, மாமாவைத் தாண்டி (அவர் ஒரு அடி பின்னால் போனார்), நாட்காட்டியில் ஒரு தேதியின்மேல் வந்து நின்றது. நின்ற பிறகு ஒரு நூல்கூடப் பின்வாங்கவில்லை. பழைய முக்காலியில் ஒவ்வொரு முறையும் கையை எடுத்ததும் படம் கொஞ்சம் திரும்பி வரும். அதுதான் மேடம் சொன்ன விக்கல்.

எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஆனாலும் பெரிய ஹெட்டின் பக்கம் ஒரு முறை திரும்பினேன். அதன் மினுமினுப்பு. அந்தப் பன்னிரண்டு. மேடத்தின் அறைக்கு இனிஷியல் கீறிய, டேப் சுற்றிய ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா? அங்கே என்னைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள்.

"சீக்கிரம் முடிவு பண்ணும்மா" என்றார் பாய். "லென்ஸு வளையுது."

திரும்பிப் பார்த்தேன். தி.நகர் வெக்கையில் ஐஸின் விறைப்பு விட்டுக்கொண்டிருந்தது. வால் மெதுவாகத் தொங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சொட்டு நீர் பலகையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. அது ஹெட்டுக்குள் இறங்கினால் இரண்டையும் நான்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"எதுக்குப் பெருசு வோணுன்ற?" என்று கேட்டார் பாய். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியல" என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தேன். பாய் தலையை ஆட்டிவிட்டுத் துணியால் சொட்டு நீரைத் துடைத்தார். மாமா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

"சின்னத குடுங்க பாய்."

பலகையைக் கழற்றினோம். அப்போதுதான் அம்மாவின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. இந்த மீன் அவர் விற்கிற பலகைக்குத் திரும்பக்கூடாது. அதைச் சொன்னேன். பாய் செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார், வீட்டுக்குப் போன் செய்து உருதுவில் ஏதோ சொன்னார். மறுமுனையில் கேள்விகள் வந்தன போலும். "லென்ஸ், லென்ஸ்" என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முக்காலியில் கேமரா மாட்டுகிற தகடு ஒன்று நான் தனியாக வாங்க வேண்டியது. அதை எடுத்து ஹெட்டோடு சேர்த்துக் கட்டினார். மீன் உள்ளே போனது. யாரும் விலை பேசவில்லை.

நான் வாசலைக் கடக்கும்போது மாமா தொண்டையைக் கனைத்து என்னை நிறுத்தினார்.

"கொழந்தே, ஒண்ணு கேக்கலாமா? என் கேமராவ பேரன் திருச்சிக்கு எடுத்துண்டு போயிருக்கான். வெயிட்டு நன்னா ஞாபகம் இருக்கு. நாளைக்கு நான் ஒரு சொரக்கா எடுத்துண்டு வரட்டுமா?"

"நீட்டுச் சொரக்காயா, குண்டுச் சொரக்காயா மாமா?" என்றேன்.

அவர் யோசித்தார். "ரெண்டும் கொண்டு வரேன்" என்றார்.

பத்து நாள் கெடுவில் எட்டாவது நாள் மேடத்தின் லென்ஸ் கைக்கு வந்தது. முகத்துவாரத்தில் நல்ல வெளிச்சம் ஏறும் நேரத்துக்கு முக்காலியை மணலில் ஊன்றிவிட்டேன். லென்ஸை மாட்டி, சாய்த்து, கையை எடுத்துப் பார்த்தேன். நின்றது. அதற்குப் பிறகு என் கைதான் பாக்கி. முதல் செம்பருந்தைச் சட்டத்துக்குள் பிடிக்கவே முடியவில்லை. நான் தேடி முடிப்பதற்குள் அது போய்விட்டது. இரண்டாவதைப் பிடித்தேன், நடுவில் ஒரு காகம் சண்டைக்கு வந்ததும் பதற்றத்தில் கைப்பிடியை இழுத்துவிட்டேன். மூன்றாவது தண்ணீரைத் தொடாமலே திரும்பியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான்காவது தாழ்வாக வந்தது. இடமிருந்து வலம். அது எனக்காக வரவில்லை என்பது அதன் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே திரும்பினேன். கால் இறங்கியது, தண்ணீரைக் கீறியது, ஏதோ வெள்ளியாக ஒன்று மேலே வந்தது. சரியாக அந்த நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்றார்.

"யம்மா, இதுல எவ்ளோ தூரம் தெரியும்?"

நான் பறவையோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல. கப்பல்லாம் தெரியுமா?"

பருந்து எழுந்துகொண்டிருந்தது. நானும் எழுந்துகொண்டிருந்தேன்.

"காது கேக்கலியா இன்னா? ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்றது இல்ல. படிச்சிட்டா போதும், கண்ணு மேல போயிடுது!"

எனக்கு அதற்குப் பதில் இருந்தது. நல்ல பதில். வாய் வரைக்கும் வந்தது. பருந்து ஒரு பழைய கம்பத்தின்மேல் போய் இறங்கி, இறகை மடக்கியது. நான் கையை நிறுத்தினேன். விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்தேன். மனசுக்குள் ஐந்து எண்ணினேன். பிறகு திரும்பினேன். அந்த ஆள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அடையாற்றில், பல் மருத்துவமனைக்கு மேல், மேடம் அந்தக் கிளிப்பை ஓட்டினார். கீழே யாருக்கோ பல்லை ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை. இருபத்து நான்கு செகண்ட். பருந்து வந்தது, கீறியது, எழுந்தது. ஸ்பீக்கரில் அந்த ஆளின் குரல் ஓங்கி ஒலித்தது. படிச்சிட்டா போதும், கண்ணு மேல போயிடுது. மேடம் சிரிக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். கம்பத்தில் பறவை உட்கார்ந்தது. படம் முடிந்தது.

மேடம் கடைசி மூன்று செகண்டை மட்டும் திரும்ப ஓட்டினார். மறுபடியும். மூன்றாவது முறை திரைக்குக் கிட்டே போய், கம்பத்தின் விளிம்பில் பேனாவின் நுனியை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எங்க கைய எடுத்தீங்க?"

"பறவை இறகை மடக்கினதும்."

அந்த இடத்துக்குப் போனார். ஓட்டினார். பேனா நுனியும் கம்பமும் பிரியவே இல்லை.

"நகரலையே" என்றார், என்னிடம் இல்லை, திரையிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எனக்கும் அந்த ஹெட்டுக்கும் நடந்த கதை முழுவதும் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

மேடம் நாற்காலியைத் திருப்பினார். "செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு பெருங்குடிப் பக்கத்துலேருந்து சதுப்புக்குள்ள போறோம். பூநாரை இறங்கியிருக்கு. ஷூ போட்டுட்டு வராதீங்க, சேறு கழட்டிடும்."

"அசிஸ்டன்டாவா மேடம்?"

"ரெண்டாவது கேமரா. அசிஸ்டன்டா இருந்தா வேற ஒருத்தரோட ஹெட்டைத் தூக்கணும். இப்ப உங்களோடதை நீங்களே தூக்கணும். முழங்கால் வரைக்கும் சேறு. முடியுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் அதற்குள் திரைப்பக்கம் திரும்பி அடுத்த கிளிப்பைத் திறந்துவிட்டிருந்தார். பார்த்தாரோ இல்லையோ என்று சந்தேகமாக இருந்ததால், "முடியும் மேடம்" என்று வாய்விட்டும் சொன்னேன். கீழே பல் ராவுகிற சத்தம் அதிகமாக இருந்தது. அதனால் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.